கடைக்கு லீவு கிடையாது, பிள்ளைக்கு லீவு: இந்த நாற்பது நாளை யார் சுமக்கிறாங்க?



முழு ஆண்டுத் தேர்வு முடியப் போகுது. இன்ஸ்டாவைத் திறந்தா 'லீவு விட்டாச்சு' ரீல்ஸ் வரிசையா வரும். பசங்களுக்குக் கொண்டாட்டம், நமக்கும் அதில் சந்தோஷம்தான். ஆனால் இந்தப் பதிவு, காலையில் ஷட்டரைத் தூக்கினால்தான் அன்றைய சாப்பாடு என்று வாழ்கிற அப்பா அம்மாக்களுக்காக எழுதியது. இட்லிக் கடை அக்கா, தையல் மிஷின் அக்கா, பூ கட்டுற அம்மா, பெட்டிக்கடை அண்ணன், மாவு அரைத்து பாக்கெட் போடுறவங்க, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற தம்பதி. இவங்களை நாம் ஓட்டு கேட்கப் போகும்போது மட்டும் பார்க்கிறவர்கள் இல்லை. நம்ம கிளைக் கூட்டத்துக்கு வந்து உட்கார்கிறவர்களே இவங்கதான். நம்மில் பாதிப் பேர் வீடே இப்படித்தான் ஓடுது.

மாசச் சம்பளக்காரர் பிள்ளைக்கு லீவு என்றால் தானும் இரண்டு நாள் லீவு போடலாம், வீட்டிலிருந்து வேலை கேட்டுப் பார்க்கலாம். சொந்தக் கடைக்காரர் யாரிடம் லீவு லெட்டர் கொடுப்பார்? கடையை அடைத்தால் வருமானம் பூஜ்யம். வாடகை, கரண்ட் பில், குழுக் கடன் தவணை எதுவும் நிற்காது. வாடிக்கையாளரும் இரண்டு நாள் பார்ப்பார், மூன்றாவது நாள் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்.

இதைப் 'பாவம், கஷ்டப்படுறாங்க' என்று ஒரு வரியில் முடித்துவிடக் கூடாது. இது அவங்கவங்க குடும்பப் பிரச்சினையும் இல்லை. இதற்குக் கணக்கு இருக்கு, சட்டம் இருக்கு, தீர்வும் இருக்கு. கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாப் படிங்க.

முதலில் கணக்கு

2009 கல்வி உரிமைச் சட்டம் ஒரு கல்வியாண்டில் பள்ளி குறைந்தது எத்தனை நாள் நடக்கணும் என்று சொல்லுது. 1 முதல் 5ஆம் வகுப்பு வரை 200 நாள். 6 முதல் 8ஆம் வகுப்பு வரை 220 நாள்.

பெரிய எண்ணையே எடுத்துக்கொள்வோம். 365இல் 220 போனால் 145 நாள் பள்ளி கிடையாது. வாரம் ஒரு நாள் கடை அடைக்கிறவர் என்றே வைத்துக்கொள்வோம், அதில் 52 நாள் கழிந்துவிடும். மிச்சம் 93 நாள். அதாவது வருஷத்தில் மூன்று மாசம் கடை திறந்திருக்கும், பள்ளி மூடியிருக்கும். வாரம் ஏழு நாளும் கடை திறக்கிறவருக்கு முழுசா 145 நாள்.

அந்த நாட்கள் எப்போது வருது என்று பாருங்க. காலாண்டு லீவு ஆயுத பூஜையை ஒட்டி வரும். அப்புறம் தீபாவளி. டிசம்பர் கடைசியில் அரையாண்டு லீவு, தொடர்ந்து புத்தாண்டு, பொங்கல். இதெல்லாம் சின்ன வியாபாரிக்குக் கல்லா நிறையும் நாட்கள். மழை லீவு இன்னும் மோசம். காலை ஆறு மணிக்குக் கலெக்டர் அறிவிப்பு வரும். நாம மீம் போட்டுச் சிரிப்போம். அதே ஆறு மணிக்கு இட்லிக் கடை அக்கா ஒரு கையில் கரண்டியும் இன்னொரு கையில் போனுமாக, 'பிள்ளையை யார்கிட்ட விடுறது' என்று ஒவ்வொருத்தருக்காக அடித்துக்கொண்டிருப்பார்.

எல்லாவற்றிலும் பெரியது கோடை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை நாற்பது நாளுக்குக் கிட்ட. வெயில் குறையலைன்னா அதுவும் நீளும். 2023இல் ஜூன் முதல் வாரம் திறக்க வேண்டிய பள்ளிகள், 6ஆம் வகுப்புக்கு மேல் ஜூன் 12, கீழ் வகுப்புகளுக்கு ஜூன் 14 என்று தள்ளிப்போச்சு. 2024இல் ஜூன் 6 என்றது ஜூன் 10 ஆச்சு. பிள்ளைகளை வெயிலில் வாட்டாமல் தள்ளிவைத்தது சரியான முடிவுதான். ஆனால் கடைசி நேரத்தில் கூடும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கடைக்காரர் புதுசா ஒரு ஏற்பாடு செய்யணும். இந்தக் கோணத்தை யாரும் பேசுறதே இல்லை.

சீசனும் லீவும் ஒரே நேரத்தில்

'லீவு சமயத்தில் கடையைக் கொஞ்சம் குறைத்து நடத்தலாமே' என்று சிலர் சுலபமாச் சொல்லிடுவாங்க. குறைக்க முடியாது தோழர்களே. பல தொழிலுக்கு வருஷத்திலேயே பெரிய சீசன் இதுதான்.

தையல் கடையைப் பாருங்க. ஜூனில் பள்ளி திறக்கும். யூனிஃபார்ம் துணி மே மாசம் முழுக்க வந்து குவியும். அந்த ஒரு மாச உழைப்புதான் பல டைலர்களுக்குத் தன் பிள்ளையின் ஃபீஸ். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் யூனிஃபார்ம் தைக்கிற அம்மாவுக்குத் தன் பிள்ளை பக்கம் திரும்ப நேரம் இருக்காது.

இட்லி மாவு விற்கிறவங்களைப் பாருங்க. கோடையில் மாவு சீக்கிரம் புளிச்சிடும். காலையில் அரைத்ததைச் சாயங்காலம் விற்க முடியாது. இரண்டு தடவை அரைக்கணும், இரண்டு தடவை பாக்கெட் போடணும், அதாவது வேலை இரட்டிப்பு. இளநீர், நுங்கு, தர்பூசணி, பழ ஜூஸ், மோர்க் கடை எல்லாம் இந்த இரண்டு மாசத்தில் சம்பாதித்தால்தான் மழைக்காலத்தை ஓட்ட முடியும். சித்திரை, வைகாசியில் ஊருக்கு ஊர் கோயில் திருவிழா, கல்யாணம். சமையல் ஆர்டர், பூ, பந்தல், மேளம், பியூட்டி பார்லர் என எல்லாமே அப்போதுதான். ஜெராக்ஸ் கடைக்கு அட்மிஷன் சீசன்.

திருப்பூர்ப் பக்கம் வீட்டிலேயே பிசிர் வெட்டுற வேலை, ஈரோடு நாமக்கல் பக்கம் தறி. ஆர்டர் வந்த தேதிக்குள் முடிக்கலைன்னா அடுத்த ஆர்டர் இல்லை. லீவு என்று சொன்னால் காண்ட்ராக்டர் கேட்க மாட்டார்.

இன்னொரு பக்கமும் இருக்கு. பள்ளி வாசலில் மாங்காய், நெல்லிக்காய், ஐஸ் விற்கிறவங்க, ஸ்டேஷனரி கடைக்காரங்க, பள்ளி வேன் ஓட்டுறவங்க. இவங்களுக்கு லீவு என்றால் வருமானமே பாதி. பிள்ளைகளும் வீட்டில், காசும் இல்லை. லீவில் பிஸியானவருக்கும் சரி, சும்மா இருக்கிறவருக்கும் சரி, சுமை சுமைதான்.

அப்போ பிள்ளைங்க எங்கே?

முன்னாடி பதில் சுலபம். ஆச்சி வீடு, அம்மாச்சி வீடு. முழு லீவும் அங்கேதான். இப்போ பல ஊரில் ஆச்சியே நூறு நாள் வேலைக்குப் போறாங்க, இல்லைன்னா அவங்களே ஒரு கடை வைத்திருக்காங்க. மாமா குடும்பம் சென்னைக்கோ கோவைக்கோ போயாச்சு.

சம்மர் கேம்ப் இருக்கேன்னு கேட்கலாம். நகரத்துத் தனியார் கேம்ப்பின் கட்டணம் ஒரு சின்னக் கடையின் மாச வாடகையைத் தொடும். அதுவும் காலை இரண்டு மூன்று மணி நேரம்தான். கொண்டுபோய் விடவும் கூட்டிட்டு வரவும் யார் போவது?

ஆக, மிச்சம் மூன்று வழி.

ஒன்று, பிள்ளையைக் கடைக்கே கூட்டிட்டு வருவது. அடுப்பு, கொதிக்கிற எண்ணெய், ரோட்டோரம், வெயில். சும்மா உட்கார வைக்கணும்னா கையில் போனைக் கொடுக்கணும். அந்தப் போனில்தான் கடையின் யூபிஐயும் இருக்கு.

இரண்டு, வீட்டில் விட்டுட்டு வெளியே பூட்டிட்டு வருவது. அக்கம்பக்கத்தில் 'ஒரு கண்ணு பாத்துக்கோங்க' என்று சொல்லிட்டு வருவது. நாள் முழுக்க மனசு அங்கேயே இருக்கும், வியாபாரத்தில் கணக்கு தப்பும்.

மூன்று, மூத்த பெண் பிள்ளையிடம் சின்னதை ஒப்படைப்பது. அந்த மூத்த பிள்ளைக்கே பதினொன்று பன்னிரண்டு வயசுதான் இருக்கும். இதை யாரும் வேலை என்று எழுதி வைக்க மாட்டாங்க. ஆனால் அவளுக்கு அது முழு நேர வேலை. தம்பிக்குச் சோறு ஊட்டணும், வீடு பெருக்கணும், தண்ணி பிடிக்கணும். அவள் லீவு அங்கேயே முடிஞ்சுபோச்சு. பெண் கல்வி பற்றி மேடையில் பேசுற நாம முதலில் பார்க்க வேண்டியது இவளைத்தான்.

இதில் எதுவுமே அமையாத பிள்ளைங்க சேர்ந்து கிணறு, குளம், கல்குவாரி, ஆறு என்று கிளம்பிடுவாங்க. ஒவ்வொரு கோடையிலும் 'குளிக்கச் சென்ற சிறுவர்கள் பலி' என்ற செய்தி வராமல் இருப்பதில்லை. அந்தச் செய்திக்குக் கீழே 'பெத்தவங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்க' என்று எழுத நாலு பேர் தயாரா இருப்பாங்க. என்ன பண்ணிட்டு இருந்தாங்க? அந்தப் பிள்ளைக்கு நோட்டும் சோறும் வாங்கக் கடையில் நின்னுட்டு இருந்தாங்க. தயவுசெய்து நம்ம தோழர்கள் யாரும் அந்த நாலு பேரில் ஒருவரா இருக்காதீங்க.

இந்தச் சுமை யார் தலையில்?

மத்திய புள்ளியியல் துறையின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றைச் சொல்லுது. சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில், பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியா 289 நிமிஷம் அதற்குச் செலவிடுறாங்க. ஆண்கள் 88 நிமிஷம். அதாவது பெண்கள் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், ஆண்கள் ஒன்றரை மணி நேரம். இதில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் நேரம் தனி, அது சேர்க்கப்படலை.

அதே துறையின் இன்னொரு ஆய்வின்படி 2023 அக்டோபரிலிருந்து 2024 செப்டம்பர் வரையான காலத்தில் நாட்டில் விவசாயம் சாராத, பதிவு பெற்ற கம்பெனியாக இல்லாத சிறு தொழில் அலகுகள் சுமார் 7.34 கோடி. இதில் தனி உரிமையாளர் நடத்துபவற்றில் நான்கில் ஒன்றுக்கும் சற்று அதிகமா பெண்கள் நடத்துறாங்க. கணவர் பெயரில் இருந்து மனைவி கல்லாவில் உட்காரும் கடைகளையும் மனசில் வைத்துப் பாருங்க.

எஞ்சினியரிங்கில் 'சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர்' என்று சொல்வாங்க. ஒரு சிஸ்டம் முழுக்க ஒரே ஒரு பாகத்தை நம்பி ஓடினால் அது மோசமான டிசைன், பேக்கப் வைக்கணும். நம்ம குடும்பங்களில் அந்த ஒரே பாகம் அம்மா. அவங்களுக்குக் காய்ச்சல் வந்தால் கடையும் நிற்கும், வீடும் நிற்கும். இதைத் தியாகம் என்று அன்னையர் தினத்துக்கு போஸ்டர் போட்டுக் கொண்டாடுறோம். டிசைனைச் சரி பண்ணுவதுதான் உண்மையான மரியாதை.

ஆண் தோழர்களே, இது நமக்கு நேரடியா. சமத்துவம், பெரியார், பெண் விடுதலை என்று பதிவு போடுறோம். இந்த லீவில் தினமும் இரண்டு மணி நேரம் பிள்ளைகள் நம்ம பொறுப்பு என்று வீட்டில் சொல்லிப் பாருங்க. 'உதவி பண்றேன்' என்று இல்லை, 'என் பொறுப்பு' என்று. கட்சி வேலை இருக்கு என்பது சாக்கு ஆகக் கூடாது.

சட்டம் யாரை மறந்தது?

1948 தொழிற்சாலைச் சட்டமே ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று எழுதியது. 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களிலும் காப்பகம் வேண்டும் என்றாங்க. நல்ல விஷயம். ஆனால் ஒரே ஒரு தையல் மிஷின் வைத்திருக்கிறவருக்கு எந்தச் சட்டம்? அவரே முதலாளி, அவரே தொழிலாளி. அங்கன்வாடி, அரசுக் காப்பகத் திட்டம் எல்லாம் ஆறு வயசு வரைக்கும்தான். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை பிள்ளைக்குப் பள்ளிதான் காப்பகம். பள்ளி மூடினால் ஒன்றுமே இல்லை. இந்த ஓட்டையை அடைக்கணும் என்பதுதான் இந்தப் பதிவின் மையம்.

சாப்பாடு: நம்ம பெருமையும், அதில் உள்ள இடைவெளியும்

பள்ளியில் சோறு போடுவது தமிழ்நாட்டின் அரசியல் அடையாளம். 1920இல் நீதிக்கட்சியின் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவுக்குத் தீர்மானம் போட்டது. 1956இல் காமராசர் அதை மாநிலத் திட்டமாக்கினார். 1982இல் எம்ஜிஆர் சத்துணவாக விரித்தார். 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15 மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. கட்சி வேறுபாடு தாண்டி நூறு வருஷமாத் தொடரும் சங்கிலி இது.

இப்போ யோசிங்க. காலையும் மதியமும் பள்ளியில் சாப்பிட்ட பிள்ளைக்கு ஏப்ரல் கடைசியில் இரண்டு வேளையும் ஒரே நாளில் நின்னுபோகுது. இரண்டு பிள்ளை என்றால் நாளைக்கு நான்கு சாப்பாடு. காசு மட்டும் இல்லை, சமைக்கிற நேரமும் சேர்ந்தது. காலை ஐந்து மணிக்குக் கடைக்குப் போகிற அம்மாவுக்குக் காலை உணவுத் திட்டம் தந்த பெரிய உதவியே அந்த நேரம்தான்.

விடுமுறையில் சோறு போடுவது புது யோசனையும் இல்லை. உணவு உரிமை வழக்கில் 2004 ஏப்ரலிலேயே, வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தரணும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2016இல் வறட்சி வழக்கில் அதையே மறுபடி சொன்னது. அமெரிக்காவில் கோடை விடுமுறை உணவுக்குத் தனி மத்திய அரசுத் திட்டம் பல பத்தாண்டுகளா இருக்கு. இங்கிலாந்தில் 2020இல் கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்ட் விடுமுறை உணவுக்காகக் குரல் கொடுத்து அரசையே முடிவை மாற்ற வைத்தார். 2021இலிருந்து அங்கே விடுமுறை நாட்களில் சாப்பாட்டோடு விளையாட்டும் சேர்த்துத் தரும் திட்டம் எல்லா உள்ளாட்சிப் பகுதிக்கும் போச்சு. சோறு போட்டுப் பள்ளிக்கு அழைத்ததில் நூறு வருஷ அனுபவம் உள்ள நம்மால் முடியாதா?

பிள்ளை கடையில் உதவலாமா?

இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் உண்டு. நேரா பதில் சொல்லிடுவோம், சட்டத்தைத் தெரிஞ்சு வைச்சுக்கோங்க.

14 வயசுக்குக் கீழ் உள்ள பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. 2016 திருத்தம் ஒரு விலக்கு தருது: பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ சொந்தக் குடும்பத்துக்கு, குடும்பத் தொழிலுக்கு உதவலாம். பட்டாசு, தீப்பெட்டி மாதிரி ஆபத்தான தொழிலில் அதுவும் கூடாது. 2017 விதிகள் இதற்கும் எல்லை போடுது. நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை கூடவே கூடாது. பெரியவர் ஒருவர் செய்ய வேண்டிய வேலைக்கு மாற்றா பிள்ளையை நிறுத்தக் கூடாது. படிப்பு பாதிக்கக் கூடாது.

அப்பா கடையில் சில்லறை எண்ணிக் கொடுத்துக் கணக்குக் கத்துக்கிற பிள்ளையை யாரும் குறை சொல்ல மாட்டாங்க. பெத்தவங்க உழைப்பைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறது நல்ல பாடம்தான். ஆனால் 'லீவுதானே' என்று ஆரம்பித்து, ஜூனில் பள்ளி திறந்த பிறகும் பிள்ளை கடையிலேயே நிற்கிற கதை நம்ம ஊர்களில் உண்டு. எட்டாவது, ஒன்பதாவதில் இடைநிற்கும் பல பிள்ளைகளுக்கு முதல் படி ஒரு கோடை லீவாத்தான் இருக்கும். வீட்டுக்கு நல்ல வேலைக்காரன் கிடைச்சுட்டான் என்று நினைக்கும்போது ஒரு பட்டதாரியை இழக்கிறோம். குலத்தொழிலைத் திணிக்காதே என்று 1950களிலேயே போராடி ஒரு கல்வித் திட்டத்தைத் திரும்பப் பெற வைத்த மண் இது. அதை லீவு வழியா உள்ளே விட்டுடக் கூடாது.

நாம் கேட்பது என்ன?

ஆட்சியில் எந்தக் கட்சி இருந்தாலும் கேட்க வேண்டிய கோரிக்கைகள் இவை.

1. வார்டுக்கு ஒரு விடுமுறை மையம். வார்டில் ஒரு அரசுப் பள்ளியையோ சமுதாயக் கூடத்தையோ காலை 8 முதல் மாலை 5 வரை திறக்கணும். ஃபேன், குடிநீர், கழிப்பறை, விளையாட்டுச் சாமான், கதைப் புத்தகம். பாடம் வேண்டாம், டெஸ்ட் வேண்டவே வேண்டாம். பிள்ளைகளுக்கு அது லீவாவே இருக்கணும்.

2. அங்கே காலை உணவும் மதிய உணவும். சமையல்கூடம் இருக்கு, பாத்திரம் இருக்கு. விடுமுறையிலும் வேலை செய்யும் பணியாளர்களுக்குக் கூடுதல் ஊதியம் கொடுக்கணும்.

3. ஆசிரியர்கள் தலையில் இதைக் கட்டக் கூடாது. அவங்களுக்கும் குடும்பம் இருக்கு, ஓய்வு வேணும். 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில், மாசம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு, ஊர்ப் பெண்களே சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாங்க. தெருவுக்குள்ளேயே ஆள் இருக்காங்க என்று அது நிரூபிச்சது. அதே மாதிரி தன்னார்வலர்களை எடுத்து, இந்த முறை முழு நாள் வேலைக்கு ஏற்ற ஊதியம் தரணும்.

4. நூலகம். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க, நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். 1948 நூலகச் சட்டத்தின்படி வசூலாகும் வரி, இப்போ ரூபாய்க்குப் பத்துப் பைசா. நம்ம காசு அது. மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தளம் இருப்பது பெருமை. ஆனால் நம்ம ஊர்க் கிளை நூலகம் கோடையில் நாள் முழுக்கத் திறந்து, பிள்ளைகளுக்கு ஒரு மூலையும் பாயும் கொடுத்தால்தான் அந்த வரி வீடு வந்து சேரும்.

5. நீச்சல். மாவட்ட விளையாட்டு அரங்கங்களில் ஒவ்வொரு கோடையும் பயிற்சி முகாம் நடக்குது. அதை வட்டார அளவுக்குக் கொண்டு வரணும். நீச்சல் பயிற்சி ஏழைப் பிள்ளைக்கு இலவசமாக் கிடைக்கணும். ஆபத்தான குவாரிக் குட்டைகளுக்கு வேலி போடணும்.

6. தேதி. பள்ளி திறக்கும் தேதியையும், தள்ளிப்போனால் அதையும் குறைந்தது பத்து நாள் முன்பே அறிவிக்கணும்.

இதெல்லாம் எங்கே கேட்பது? கிராமத்தில் மே 1 கிராம சபை. சும்மா கையெழுத்துப் போட்டுட்டு வராமல் இந்த ஆறையும் எழுதித் தீர்மானமா வைங்க. நகரத்தில் வார்டு கமிட்டி, பகுதி சபை. பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்லுது. இடம் நம்மகிட்ட இருக்கு, குரல்தான் வரணும்.

அரசு வரும் வரை நாம் என்ன செய்வது?

கோரிக்கை வைச்சுட்டுக் கையைக் கட்டி உட்காரும் கட்சி இல்லை நம்மது. ஒவ்வொரு கிளையும் இந்த லீவில் இதைச் செய்யலாம்.

▪ கட்சி அலுவலகம் பகலில் பூட்டித்தான் கிடக்குது. ஒரு பாய், கேரம் போர்டு, செஸ் போர்டு, ஐம்பது கதைப் புத்தகம் போதும். மகளிரணி, மாணவரணி முறை வைத்து இருவர் இருவரா உட்காருங்க. எப்போதும் இரண்டு பெரியவர், அதில் ஒரு பெண் கட்டாயம். பிள்ளையை யார் விட்டாங்க, யார் கூட்டிட்டுப் போறாங்க என்று நோட்டில் எழுதுங்க. அங்கே கட்சிப் பிரசாரம் வேண்டாம், பிள்ளைகளோடு போட்டோ எடுத்துப் போடவும் வேண்டாம்.

▪ ஒரே தெருவில் கடை வைத்திருக்கும் நாலைந்து குடும்பம் சேர்ந்து முறை போடுங்க. டைலர் அக்காவுக்குச் சாயங்காலம் பிஸி, இட்லிக் கடை அக்காவுக்குக் காலையில் பிஸி. இரண்டு பேரும் மாற்றிப் பார்த்துக்கொண்டால் இரண்டு கடையும் ஓடும். மகளிர் குழுக் கூட்டத்தில் பேசினால் பத்து நிமிஷத்தில் அட்டவணை தயாராகிடும்.

▪ கடைப் போனைப் பிள்ளை கையில் கொடுக்கும் கட்டாயம் வந்தால், ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'ஆப் பின்னிங்' என்று இருக்கு. அதைப் போட்டால் திறந்து வைத்த ஒரு ஆப்பை விட்டு வெளியே போக முடியாது, வெளியே வர லாக் கேட்கும். யூபிஐ பின் நம்பரைப் பிள்ளைக்குச் சொல்லாதீங்க. செட்டிங்ஸ் தெரியாதவங்களுக்கு நம்ம ஐடி விங் பசங்க கடைக்கே போய்ப் போட்டுக் கொடுங்க. இரண்டு நிமிஷ வேலை.

▪ 1098 குழந்தைகள் உதவி எண். பிள்ளைக்கு மனப்பாடமா இருக்கட்டும். அப்பா அம்மா நம்பரும்.

▪ ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரம், உங்கள் தெருவில் எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகலைன்னு பாருங்க. ஜூன் 12 குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாளுக்கு போஸ்டர் போடுறதைவிட, ஒரு பிள்ளையைத் திரும்ப வகுப்பில் உட்கார வைப்பது பெரிய வேலை.

'பிள்ளையைப் பார்த்துக்கிறதும் அரசு வேலையா?'

கேட்பாங்க, எதிர்க்கேள்வி வரும். பதில் ரெடியா வைச்சுக்கோங்க.

பள்ளியில் சோறு போட்டபோதும் இதையே கேட்டாங்க. 'பெத்தவன் போட மாட்டானா?' என்று. போட்டதால்தான் பள்ளி நிறைஞ்சது. பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் வேண்டாம் என்றபோதும் கேட்டாங்க. பெரிய தொழிற்சாலை வர நிலம் தருகிறோம், மின்சாரம் தருகிறோம், வரிச் சலுகை தருகிறோம். அதை முதலீடு என்கிறோம். தெருவுக்கு நாலு பேருக்குச் சோறு போடும் சின்னக் கடை, லீவு நாட்களில் தடையில்லாமல் நடக்க ஒரு பள்ளிக் கட்டடத்தைத் திறந்து விட்டால் அது மட்டும் இலவசமா? அதுவும் முதலீடுதான். பலன் அந்தக் கடைக்கும் கிடைக்கும், அந்தப் பிள்ளைக்கும் கிடைக்கும்.

பிள்ளையை நல்லா வளர்க்கணும் என்றுதான் கடையே வைக்கிறாங்க. கடைக்காகப் பிள்ளையை விடுவதா, பிள்ளைக்காகக் கடையை விடுவதா என்று ஒரு தாயைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் நிலையை மாற்றத்தானே அரசியலுக்கு வந்தோம்?

இந்த வாரமே உங்கள் கிளைச் செயலாளரிடம் பேசுங்க. மே 1 கிராம சபைக்கான தீர்மானத்தை எழுதி வைங்க. கடை வைத்திருக்கும் ஒரு அக்காவுக்காவது இந்தப் பதிவை அனுப்புங்க. அவங்க படிக்க நேரமில்லை என்றால், கடைக்குப் போய் ஒரு டீ குடிச்சுட்டு நீங்களே சொல்லுங்க. அப்படியே, 'அக்கா, நாளைக்குக் காலையில் பிள்ளைங்களை நாங்க பார்த்துக்கிறோம்' என்றும் சொல்லிட்டு வாங்க.

– தகவல் தொழில்நுட்ப அணி

#வார்டுக்குஒருவிடுமுறைமையம்
#லீவிலும்சோறு
#கடையும்நடக்கணும்பிள்ளையும்சிரிக்கணும்